பாப்பா தலைமேல் ஒரு சத்தியம்

ஆஸ்பத்திரி அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு என் மகள் பவித்ரா உள்ளே வந்தாள். கையில் மாதுளம்பழப் பை. ஏழு மாத வயிறு. ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், இடது கையில் டிரிப்ஸ் ஊசி, விரலில் ஒரு கிளிப். அந்தக் கோலத்திலும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அடுத்த கணமே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"கமலா, பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போ. கிட்ட விடாத."

"ஏங்க, இவ்ளோ தூரம் வந்திருக்கா."

"தொத்து வியாதி. வவுத்துப் புள்ளக்காரிய ஏன் வரச் சொன்ன?"

நியாயமான பேச்சுதான். ஆனால் பேசினவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். மகளுக்குக் கல்யாணமாகி மறுவீடு போன அன்று மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டு அழுத மனிதர் இவர். அவள் போன் எடுக்கத் தாமதமானால், கம்பெனியில் யாரிடமாவது விசாரிக்க முடியுமா என்று என்னை நச்சரிப்பவர். அப்படிப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நோய் முற்றிவிட்டதோ என்று பயந்தேன்.

பருப்பு வேகட்டும், விஷயத்தைச் சொல்லுங்கள்

போன வாரம் இந்தப் பத்தியில், சத்துணவு அமைப்பாளராக நான் பட்ட பாட்டை எழுதும்போது, 'என் வீட்டுக்காரர் நிமோனியாவில் படுத்த அந்த வருஷம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பருப்பைப் பற்றி ஒரு பக்கம்.

ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். "வீட்டுக்காரரைப் பாதியில் படுக்கப் போட்டுவிட்டுப் பருப்பு வேக வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்களெல்லாம் ஒரு பெண்ணா?" என்று கேட்டிருந்தார். கேட்டதில் தப்பில்லை. அதனால் இந்த வாரம் அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஆனால் நிமோனியாவைச் சொல்வதற்கு முன்னால் டிராக்டரைச் சொல்ல வேண்டும். டிராக்டரைச் சொன்னால் டீசலைச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கடத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம். குச்சிக்கிழங்கு, மஞ்சள், தண்ணீர் இருந்தால் தக்காளி. குச்சிக்கிழங்கு என்பது நீங்கள் மரவள்ளி என்று சொல்வதுதான். என் வீட்டுக்காரருக்கு நிலத்தின் மேல் பாசம், டிராக்டர் மேல் காதல். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்ப்பார்.

அவர் மேல் எப்போதும் டீசல் வாசம் அடிக்கும். சட்டையில், துண்டில், தலையணையில், ஏன், எங்கள் கல்யாண நாளுக்கு எனக்கு வாங்கி வந்த மல்லிகைப் பூவில்கூட. முதல் வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. அந்த வாசம் இல்லாமல் வீட்டுக்குள் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், மனிதர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று.

எங்கள் பக்கத்தில் 'டீசல் இழுக்கிறது' என்று ஒரு வேலை உண்டு. யாராவது ஒருவருடைய வண்டி வழியில் எண்ணெய் தீர்ந்து நின்றுவிடும். இன்னொரு வண்டியின் டேங்குக்குள் ரப்பர் குழாயின் ஒரு முனையை விட்டு, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். எண்ணெய் வாய்க்கு வந்து சேர்வதற்குள் சட்டென்று குழாயைக் கீழே கேனுக்குள் விட்டுவிட வேண்டும். அதன்பிறகு அது தானாக இறங்கும். எங்கள் ஊரில் வண்டி வைத்திருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் இதைச் செய்வார்கள். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது இவருடைய எண்ணம். "ஒரு சொட்டு நாக்குல படாது," என்பார், ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி.

என் தலை பட்ட பாடு

பவித்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஒரு நாள் நாக்கில் பட்டது. நாக்கோடு நிற்காமல் தொண்டைக்குள்ளும் போய்விட்டது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, அரை நாள் இருமினார். அப்போது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் விடவில்லை.

தருமபுரிக்குப் போய், கையால் அமுக்கினால் எண்ணெய் இழுக்கிற ரப்பர் பம்பு ஒன்று வாங்கி வந்தேன். வாயே வைக்க வேண்டியதில்லை. அவர் அதை மரியாதையாக வாங்கி, கொட்டகை ஆணியில் மாட்டினார். மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தாததுதான் பாக்கி. ஒரு நாளும் ஆணியை விட்டு இறக்கவில்லை.

அதனால் சத்தியம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இங்கே என் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் எதற்கெடுத்தாலும் என் தலையில் கை வைத்துத்தான் சத்தியம் பண்ணுவார். இனிமேல் சீட்டாட மாட்டேன் என்று அடிப்பார், சாயங்காலமே சீட்டுக் கட்டோடு புளியமரத்தடியில் இருப்பார். பீடியை விட்டுவிட்டேன் என்று அடிப்பார், கை எடுக்கும்போதே அதில் பீடி வாசம் வரும். அத்தனை சத்தியமும் பலிப்பதாக இருந்தால் என் தலை எப்போதோ சுக்கு நூறாகி இருக்க வேண்டும். கெட்டித் தலை, தாங்கிக்கொண்டது.

ஆகவே என் தலை இந்த விஷயத்துக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பவித்ராவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"இவ தலையில கை வெச்சு அடிங்க. இனிமே டீசல் குழாயில வாய் வெக்க மாட்டேன்னு."

அவர் முகம் வெளிறிவிட்டது. "பாப்பா தலையிலயா? வேணாம் கமலா. வேற எதுனா கேளு."

"இதுதான் வேணும்."

"அம்மா, கண்ணு எரியுது, சீக்கிரம் முடிங்க," என்றாள் பவித்ரா, வெங்காயக் கையோடு.

அவர் கையை மெதுவாக, முட்டையின் மேல் வைப்பதுபோல வைத்து, எடுத்தார். எங்கள் ஊரில் பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை யாரும் மீற மாட்டார்கள். மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்களுக்கு மழை, வெயில் மாதிரி நிச்சயம். அப்படி வாங்கியது கொடுமை என்று படித்தவர்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். என் புருஷன் எனக்கு வேண்டுமே.

ஆரஞ்சு மிட்டாய்

அதற்குப் பிறகு பவித்ராவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் ஓசூரில் வேலை. உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று டிராக்டருக்குக்கூட சந்தனம் குங்குமம் வைத்தார்.

அந்த வருஷம் கிழங்கு நன்றாக விளைந்திருந்தது. அறுவடைக் காலத்தில் சேகோ பேக்டரி வாசலில் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் வால் தெரியாமல் வரிசையில் நிற்கும். ஜவ்வரிசி ஆலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். புளித்த கிழங்கு மாவு வாசம் ரோட்டிலேயே வந்து வரவேற்கும். காலையில் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

வந்தவர் நேராகத் தொட்டியடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். கிட்டே வந்தபோது ஆரஞ்சு மிட்டாய் வாசம்.

"என்னா, சின்னப் பையனாட்டம் மிட்டாய் சப்பிட்டு வரீங்க?"

"வரிசையில நின்னு வாய் கசந்துபோச்சு," என்றார். அதைச் சொல்லும்போதே இருமினார்.

சோறு வேண்டாம் என்றார். மறுநாள் குளிர்க் காய்ச்சல். வலது விலாவில் கத்தி சொருகினாற்போல வலி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் சுளித்தார். கிழங்கு மூட்டையைத் தனியாளாகத் தூக்குகிறவர், கட்டிலிலிருந்து தொட்டி வரைக்கும் நடந்துவிட்டு மாடு மாதிரி மூச்சு வாங்கினார். காறித் துப்பியதில் லேசாகச் சிவப்பு.

கடத்தூர் டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். "பொரி பொரியுற மாதிரி சத்தம் கேக்குது. ஆக்சிஜனும் கம்மியா காட்டுது. நிமோனியாவாத்தான் இருக்கும். இங்க வெச்சிருக்க வேணாம், தருமபுரி போயிருங்க," என்றார்.

நிமோனியா என்ற சொல்லைக் கேட்டதும் பயந்துபோனேன்.

எனக்குத் தெரிந்த நிமோனியா

அதற்குக் காரணம் என் தம்பி. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக வத்தல்மலை அடிவாரத்தில் இருந்தபோது, கைக்குழந்தையாக இருந்த அவனுக்கு அது வந்தது. கபவாதம் என்றார்கள். அவன் வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது நினைவிருக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழும். மூக்கு விடைக்கும். பால் குடிக்கத் தெம்பில்லாமல் அம்மாவின் மார்பில் வாய் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவான். யாரோ நெஞ்சில் சூடு போடச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை, துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ஊசி போட்டுப் பிழைத்தான்.

இப்போது அவனைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். பஸ்ஸில் இரண்டு ஆள் சீட்டில் ஒரு ஆளாக உட்காருகிறான்.

ஆக நிமோனியா என்றால் சளி முற்றி வருவது, குழந்தைகளுக்கு வருவது, ஊசி போட்டால் போவது என்பதுதான் என் கணக்கு. தருமபுரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் போகவில்லை. மருந்தை மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை.

நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். எதைக் கேட்டாலும் நின்று பதில் சொல்வார். நான் அவர் வழியை மறித்துக்கொண்டேன்.

"ஏனுங்கம்மா, நிமோனியான்னா ஊசியில கொறஞ்சிருமே. இவருக்கு ஏன் கொறையல?"

"நிமோனியாங்கறது ஒரே வியாதி இல்லம்மா," என்றார் அவர். "நுரையீரல் பூரா சின்னச் சின்னக் காத்துப் பைங்க இருக்கு. காத்து இருக்க வேண்டிய அந்த எடத்துல சீழோ நீரோ நெறஞ்சு வீங்கிடுச்சுன்னா அதுக்குப் பேரு நிமோனியா. நெறச்சது யாருன்னு கண்டுபிடிக்கணும். அதைப் பொறுத்துதான் மருந்து."

பிறகு வார்டையே பாடப் புத்தகமாக்கிவிட்டார். மூன்றாவது கட்டிலில் இருந்த மேஸ்திரிக்கு பாக்டீரியா. திடீரென்று குளிர், காய்ச்சல், துரு நிறத்தில் சளி. அவருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டதும் கிடுகிடுவென்று தேறி, பரோட்டா கேட்க ஆரம்பித்துவிட்டார். ஜன்னலோரக் காலேஜ் பெண்ணுக்கு வைரஸ். ப்ளூ காய்ச்சலில் ஆரம்பித்து நெஞ்சில் இறங்கியது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாதாம். அவளுக்கு அந்த வைரஸுக்கென்று உள்ள மாத்திரை, ஆக்சிஜன், ஓய்வு. கொரோனாவில் எத்தனையோ பேர் மூச்சுக்குத் தவித்ததும் இந்த வகைதான் என்றார். சில பேருக்குப் பெரிய காய்ச்சலே இருக்காது, வறட்டு இருமலோடு நடமாடிக்கொண்டே இருப்பார்கள், அதை உண்டாக்கும் கிருமி வேறு, மருந்தும் வேறு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சையாலும் வரும், அதற்கு நீண்ட நாள் வைத்தியம்.

வாசலோரக் கட்டிலில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் படுக்க வைத்தே கஞ்சி புகட்டியிருக்கிறார்கள். கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது.

"கஞ்சியில கூட நிமோனியா வருமாங்க?"

"உள்ள போகக்கூடாதது எது போனாலும் வரும்மா," என்றார் டாக்டரம்மா. அந்த வாக்கியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கேள்வி

இவருக்குச் சளியைப் பரிசோதித்தார்கள். டிபி இல்லை. ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. மூச்சுத் திணறல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். உதடு கறுத்திருந்தது. சிடி ஸ்கேன் எடுத்தார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா, கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் வர்றதுக்கு முன்னால ஏதாவது எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் வாய்க்குள்ள போச்சா? வண்டி வெச்சிருக்கறவங்க சில பேரு குழாயில வாய் வெச்சு இழுப்பாங்க."

என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இல்லீங்க," என்றார்.

"நிச்சயமா?"

"இல்லீங்கம்மா. நான் வாயே வெக்கறதில்ல."

நானும் முந்திக்கொண்டு சொன்னேன். "அதெல்லாம் விட்டுட்டாருங்க. பொண்ணு தலையில சத்தியம் பண்ணியிருக்காரு." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா யோசனையோடு எழுந்தார். அப்படியென்றால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றார். சேலத்துக்கு அனுப்பி, நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். மூச்சு இப்படி இருக்கும்போது அதில் ஆபத்து உண்டு, மூச்சு மெஷினில் வைக்கும்படி ஆகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் கலந்துகொள்ளுங்கள் என்றார்.

எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. போன் போட்டேன். அப்படித்தான் பவித்ரா மாதுளம்பழப் பையோடு வந்தாள். அவரும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திறந்த போர்வை

அவளை வராந்தாவுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"தொத்திக்கும்னுதான் திரும்பிக்கிட்டாரா?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றாரு."

"மாஸ்க் போட்டுட்டுப் பாக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்களேம்மா." அவள் அப்பாவைப் போலவே, யோசிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, அவரு வியாதிக்குப் பயப்படல. என்னைப் பாத்துப் பயப்படறாரு."

எனக்கு விளங்கவில்லை. அவள் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலோரம் உட்கார்ந்து போர்வையை விலக்கினாள். "அப்பா, கையைக் குடுங்க."

"போ பாப்பா. சொன்னா கேளு."

அவள் கேட்கவில்லை. ஊசி இல்லாத வலது கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், தெம்பில்லை. டிராக்டர் ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய அந்தக் கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. டீசல் இழுத்தீங்களா, இல்லீங்களா? முன்னாடி பண்ணின சத்தியத்த விட்டுருங்க. இப்ப இந்தக் கையி என் தலையில இருக்கு. இப்ப பொய் சொன்னாதான் எனக்கு ஆவாது."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது.

"இழுத்தேன் பாப்பா," என்றார்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

விட்டு விட்டுத்தான் சொன்னார். சேகோ பேக்டரி வரிசையில் முன்னால் நின்ற டிராக்டருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. வரிசை நகரவில்லை, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள். எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். பம்பு வீட்டில் ஆணியில் தொங்குகிறது. ஒரே ஒரு இழுப்புதானே என்று குழாயில் வாய் வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து இருமல் வந்து, வாய் நிறைய வந்த டீசல் மூச்சோடு உள்ளே போய்விட்டது. அங்கே இருந்தவர்கள் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். பிறகு ஆரஞ்சு மிட்டாய்.

"டாக்டரம்மா அவ்ளோ கேட்டாங்களே, ஏன் சொல்லல?" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"வாய் தொறந்து சொல்லிட்டா... சத்தியம் மீறுனது நெசமாயிடும் இல்ல? அது பாப்பாவத்தான் வந்து சேரும். வவுத்துல வேற..." மூச்சு வாங்கினார். "என்னோடயே போயிட்டா... போவட்டும்னு இருந்தேன்."

சாகத் துணிந்திருக்கிறார் இந்த மனிதர். நோய்க்குக் காரணம் தெரிந்தும், மகளுக்கு ஆகாது என்று வாயை மூடிக்கொண்டு, சேலம் வரைக்கும் போய்ச் சாகத் துணிந்திருக்கிறார். அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்ய முடியாமல் டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன்.

பவித்ரா அவர் கையை எடுக்கவே இல்லை. தலையிலிருந்து இறக்கித் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆவலப்பா. உள்ள ஒதைக்குது, பாருங்க."

மாற்று மருந்து இல்லாத நோய்

டாக்டரம்மா வந்து கேட்டார். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்று ஆரம்பித்தவர், பவித்ராவின் வயிற்றையும் அதன் மேலிருந்த கையையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கிருமியே இல்லாமல் வரும் நிமோனியாவும் உண்டு என்று எனக்கு விளக்கினார். டீசல், மண்ணெண்ணெய் போன்றவை தண்ணீரைவிடச் சுலபமாக நுரையீரல் முழுக்கப் பரவி, உள்ளே வெந்துபோன மாதிரி புண்ணாக்கிவிடும். அதை முறிக்கத் தனி மருந்து கிடையாது. ஆக்சிஜன், ஓய்வு, கண்காணிப்பு. இவருக்கு வீக்கம் குறையக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். புண்ணான இடத்தில் பின்னால் கிருமி சேர்ந்தால்தான் ஆன்டிபயாட்டிக். காரணம் தெரிந்துவிட்டதால் இப்போதைக்குச் சேலமும் வேண்டாம், குழாயும் வேண்டாம் என்றார்.

"இன்னொண்ணு," என்றார். "யாராவது தெரியாம டீசலோ மண்ணெண்ணெயோ குடிச்சுட்டா, வாந்தி மட்டும் எடுக்க வெச்சிராதீங்க. வாந்தி வரும்போது மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க." இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு நாள் பயமுறுத்தினார். பிறகு காய்ச்சல் இறங்கியது. பிறகு உதட்டின் கருமை போனது. ஒரு காலையில், "சேகோ பேக்டரியில நம்ம கெழங்கு மாவுக்கு என்னா பாயிண்ட் போட்டு வெல வெச்சாங்கன்னு விசாரிச்சியா?" என்று ஒரே மூச்சில் முழு வாக்கியமாகக் கேட்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி இருக்கிறது, உடம்பு தேறியதும் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார், அது வேறு கதை.

ஆணியில் தொங்கியது

பவித்ராவுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. கைகால் எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

குழந்தையோடு அவள் எங்கள் வீட்டில் இருந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் கேனோடு வந்து நின்றார்.

"அண்ணா, வண்டி பாதியில நின்னுபோச்சு. ரெண்டு லிட்டர் இழுத்துக் குடுங்க."

இவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். ரப்பர் குழாய் டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே கிடந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். குழந்தையை மடியில் வைத்திருந்த பவித்ராவும் பார்த்தாள். அவர் குழாயைத் தாண்டிப் போய், ஆணியில் தொங்கிய பம்பை இறக்கினார். மேலிருந்த தூசியை ஊதினார். அமுக்கி அமுக்கிக் கேனை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

எனக்குத் திருப்திதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இன்னிக்கு நாங்க பாத்துட்டு இருந்தோம், பம்ப எடுத்தீங்க. நாளைக்கு சேகோ பேக்டரியில யாரு பாப்பாங்க? ஒரு சத்தியம் பண்ணிருங்க," என்றேன்.

பவித்ரா குழந்தையின் தலையைச் சட்டென்று முந்தானையால் மூடினாள். "என் தலையும் வேணாம், என் பொண்ணு தலையும் வேணாம் தாயே."

"சரி, என் தலைதான் இருக்கே," என்று அவர் முன்னால் குனிந்தேன். "எத்தன தடவ அடிச்ச தல. இன்னொரு தடவ தாங்காதா?"

வழக்கமாகச் சிரித்துக்கொண்டே பட்டென்று கை வைப்பவர். அன்றைக்குக் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்தினார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அடிங்கன்னா! என் தல அவ்ளோ மட்டமா போச்சா?" எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"வாய் வெக்க மாட்டேன் கமலா. அவ்ளோதான். சத்தியமெல்லாம் வேணாம்."

"ஏன் வேணாம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டிராக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் தலைய வெச்சு விளையாடற தெம்பு எனக்கு இப்ப இல்ல."

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன பிரியமான பேச்சு அது ஒன்றுதான். நான் குனிந்த தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய், அவருக்கு ராத்திரிக்குக் களி கிளற ஆரம்பித்தேன்.